கக்கா என்றால் யார்

சிங்கப்பூர், பஃபலோ ரோடு
5 மார்ச் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவது, என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். கொஞ்சம் வெட்கமான சங்கதிகளும் வரும். நீங்கள் அவனுடைய தாய் என்பதால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஐயாவும் தில்லையும் போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மாலை சிரம்பானிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் உங்களை விட்டுப் போகும்வரை அம்மா அங்கே உங்களோடு இருப்பார், உங்கள் மூத்த பிள்ளை இங்கே எங்களோடு இருப்பான் என்று ஐயா வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரவில்லை. முதலில் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கெமாஸ் ஸ்டேஷன் தாண்டியதும் பேரன் அவர் மடியிலேயே வெளிக்கு இருந்துவிட்டானாம். வெள்ளை ட்ரில் கால்சட்டை. எதிரே உட்கார்ந்திருந்த தோட்டத் துரை பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தவர் ஜொகூர் வரும்வரை இறக்கவில்லையாம். கடலைக் கடக்கும் படகில் எல்லாரும் ஐயாவுக்குத் தாராளமாக இடம் விட்டார்களாம். கால்சட்டையைத் தோய்க்கப் போட்டபின் ஐயா சொன்னது இதுதான்:

"உவன் கேக்கப் பழகுமட்டும் ரயில் ஏறமாட்டான். நானும் ஏறமாட்டன்."

அத்தானும் அதையே சொல்லியனுப்பியிருக்கிறார். சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைக்கும் லீவுக்குள் தில்லை பழகிவிட்டால் அவரே வந்து கூட்டிப்போவார். இல்லாவிட்டால் அடுத்த லீவு ஆகஸ்டில்தான். ஆகவே பழக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. ஒழுங்கான நேரம், பொறுமை, தெளிவான சொல் ஆகியவை வேண்டும் என்கிறது. நம் வீட்டில் 'வெளிக்கு' என்பதைத் தவிர வேறு சொல்லை ஐயா அனுமதிப்பதில்லை. ஆகவே அதையே சொல்லிக் கொடுக்கிறேன். சிராங்கூன் ரோட்டுச் சீனர் கடையில் எனாமல் சட்டி ஒன்று வாங்கினோம். அடியில் இரண்டு சிவப்பு மீன்கள் வரைந்திருக்கிறது. அது தவறாகப் போய்விட்டது. தில்லை சட்டியில் உட்காருவதில்லை. அதன் பக்கத்தில் குந்தியிருந்து மீன்களுக்குச் சோற்றுப் பருக்கை போடுகிறான். நான் பிடித்து உட்காரவைத்தால் உடனே எழுந்து, மீன்களுக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்க்கிறான். பிறகு சட்டிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் இருந்துவிடுகிறான்.

அவன் பேசும் சொற்கள் குறைவு. 'மீன்' சொல்கிறான். 'இல்லை' நன்றாகச் சொல்கிறான். உன் பெயர் என்ன, தில்லையா என்று கேட்டாலும் 'இல்லை' என்கிறான். 'சின்னம்மா' என்று என்னைக் கூப்பிட ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அவனைப் பின்வீட்டில் விடுகிறோம். ஜவுளிக்கடை நாகூர் கனி வீடு. அவர் நாகூர்க்காரர், அவருடைய மனைவி மலாய்க்காரர். மூத்த மகள் ஹலீமாவுக்கு என் வயது. இப்போது அவளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதில்லை. அவளுடைய தம்பிகள் அவளைக் 'கக்கா' என்று கூப்பிடுவார்கள். மலாயில் அக்காவுக்கு அதுதான் சொல். கடைசி எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். உண்மையை எழுதுகிறேன்: தில்லை அங்கே போன முதல் நாளே 'கக்கா' என்றான். நான் ஒரு வாரமாகக் கெஞ்சியும் வாய் திறக்காதவன்.

இன்னொன்று. அவளுடைய வீட்டில் அவன் ஒரு தடவைகூடத் தரையில் இருக்கவில்லையாம். எல்லாம் முற்றத்தில்தானாம். இதை நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

தில்லைக்கு உடம்பு நலம். நீங்கள் எழுந்து உட்காருகிறீர்களா என்று எழுதவும்.

அன்புள்ள,
குணவதி

*

சிரம்பான்
10 மார்ச் 1911

அன்புள்ள தங்கைக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். காய்ச்சல் மாலையில் மட்டும் வருகிறது. பெண்பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் மீன் இருக்கிறது, சட்டி இருக்கிறது, ஹலீமா இருக்கிறாள், ஐயாவின் கால்சட்டைகூட இருக்கிறது. என்னைத்தான் காணவில்லை. அவன் என்னைத் தேடி அழுதானா? எப்போது அழுதான்? அழவில்லை என்றால் அதையும் எழுது. உண்மையை எழுதுவதாகச் சொன்னவள் நீதானே.

உறங்கும்போது அவன் என் காதைப் பிடித்துக்கொள்வான். காதை விட்டுக் கையை எடுத்தால் விழித்துவிடுவான். இப்போது யாருடைய காது?

உன்னைச் சின்னம்மா என்று கூப்பிடப் பழக்குவது பிறகு இருக்கட்டும். அவனை உன்னிடம் விட்டது அதற்கல்ல, திருப்பி அனுப்புவதற்கு. சட்டியை ஓரமாக வை. தரையில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டி, உன் பாதங்களின் மேல் அவனை உட்காரவை. அப்படித்தான் அவனுக்குப் பழக்கம். இரண்டு வயதுப் பிள்ளையைப் பழக்கப் புத்தகம் எதற்கு?

ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லை இனி எழுதாதே.

உன் அக்கா,
இரஞ்சிதம்

*

பஃபலோ ரோடு
15 மார்ச் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். வந்த முதல் இரவு அழுதான். 'அம்மா' என்று சொல்லி அழவில்லை, வெறுமனே அழுதான். அதன் பிறகு அழவில்லை. உங்களைத் தேடுவதாக எனக்குத் தெரியவில்லை. உறங்கும்போது பிடிப்பது என்னுடைய இடது காது.

பாதங்களின் மேல் உட்காரவைத்துப் பார்த்தேன். மீன்கள் எங்கே என்று தேடுகிறான். 'வெளிக்கு' என்று சொல்லச் சொன்னால் என் வாயையே பார்க்கிறான்.

என் உண்மையான கஷ்டம் வேறு. ஹலீமா அவனை வசப்படுத்திவிட்டாள். நான் மிகைப்படுத்தவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவனைத் தூக்கி வருகிறேன், சோறு ஊட்டுகிறேன். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பின்கதவண்டை போய் நிற்கிறான். கதவைத் தட்டி, 'கக்கா, கக்கா' என்கிறான். நாள் தவறுவதில்லை. என் கையால் சோறு தின்றுவிட்டு, வாயைத் துடைக்குமுன் அவளைக் கூப்பிடுகிறான். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பின்கதவைத் தாழ்போட்டுவிட்டேன். அவன் கக்கா என்னும்போதெல்லாம் தோள்களைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "கக்கா இல்லை. சின்னம்மா. சொல்லு, சின்னம்மா" என்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அவன் முகம் சிவக்கிறது. கண்ணில் நீர் கட்டுகிறது. மறுகணம் தரை பாழாகிவிடுகிறது. ஏக்கத்தால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். மனவேதனை வயிற்றைக் கலக்கும் என்று புத்தகத்திலும் இருக்கிறது.

நேற்று அவனுடைய சத்தம் கேட்டு ஹலீமா சுவருக்கு அப்பால் வந்து நின்றாள்.

"குணா, என்னயக் கூப்பிட்டானா?"

"இல்லை. மீனைக் கூப்பிட்டான்" என்றேன்.

அவள் போகவில்லை. அவளுடைய வீட்டில் அவன் கூப்பிட்டால் அந்த நிமிடமே ஓடிவந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு கோழி பார்க்க முற்றத்துக்குப் போவாளாம். அங்கே இறக்கிவிட்டால் அவன்பாட்டுக்கு ஓர் ஓரத்தில் குந்திவிடுவானாம். "எங்க வூட்டுல ஒரு கரச்சலும் இல்ல லா" என்றாள். அந்த மலாய் 'லா' வேறு. அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

ஒரே ஓர் ஆறுதல் சொல்கிறேன். இன்று மாலை அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனேன். பால்காரருடைய எருமை ஒன்று நடுத்தெருவில் நின்று சாணம் போட்டுக்கொண்டிருந்தது. தில்லை கையை நீட்டி அதைக் காட்டி, மிகத் தெளிவாகக் 'கக்கா' என்றான். ஹலீமாவையும் எருமையையும் அவன் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறான் போலும். இப்படி மகிழ்வது சரியல்ல என்று தெரிகிறது. ஆனாலும் வீடு வரும்வரை மகிழ்ந்தேன்.

தில்லையை இனி அங்கே விடவேண்டாம் என்று ஐயாவிடம் சொன்னேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "அப்ப உன்ர பள்ளிக்கூடம்?" என்றார். நாளைக்கும் அங்கேதான் விடவேண்டும்.

குணவதி

*

சிரம்பான்
20 மார்ச் 1911

குணவதி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தார். சிரித்து முடித்தபின் அழுதேன்.

கக்கா என்பது யாருடைய பெயரும் இல்லையடி. அத்தான் வீட்டில் பிள்ளைகள் வெளிக்குப் போகவேண்டும் என்றால் சொல்கிற சொல் அது. அவன் உட்காரப் பழகிய நாளிலிருந்து என் பாதங்களின் மேல் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எருமை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தவுடன்தான் எனக்கும் விளங்கியது. உன் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இல்லையா?

வந்த நாளிலிருந்து பிள்ளை உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நீ என்ன செய்தாய்? கதவைத் தாழ்போட்டாய். தோளைப் பிடித்து நிறுத்தி உன் பெயரைச் சொல்லச் சொன்னாய். முகம் ஏன் சிவக்காது?

உன்னையும் கூப்பிடவில்லை, அவளையும் கூப்பிடவில்லை. நான் சொல்லிக் கொடுத்த சொல்லை அங்கேயும் மறக்காமல் சொல்லியிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் அதற்காகச் சுவருக்கு இருபுறமும் நின்று சண்டை போட்டிருக்கிறீர்கள். எனக்கு இது போதும். ஹலீமாவிடமும் சொல்லிவிடு.

இனி அவன் கக்கா என்றால் உடனே தூக்கிக்கொண்டு போ. நடப்பதை உடனே எழுது. அத்தான் லீவுக்கு மனுக் கொடுக்கவேண்டும்.

காதை அதிகம் கொடுத்துப் பழக்காதே.

இரஞ்சிதம்

*

பஃபலோ ரோடு
27 மார்ச் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. தெரு முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர்; எருமைகளுக்கு மட்டும் சந்தோஷம். ரிக்‌ஷாக்காரர்கள் சக்கரம் பாதி மறைய இழுத்துப் போகிறார்கள். ஐயாவுக்கு இருமல், தபாலாபீஸ் வேலைக்கு ஒரு நாள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தலைப்பு 'வாய்மை'. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வேறு விசேஷம் இல்லை.

குணவதி

*

சிரம்பான்
1 ஏப்ரல் 1911

அன்புள்ள தங்கைக்கு,

மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய், எருமையைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனை அனுப்ப உனக்கு மனமில்லை, பொய் எழுதவும் வராது. அதனால் எழுதாமல் விட்டிருக்கிறாய். அவன் பழகிவிட்டான் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். அத்தான் லீவு வாங்கிவிட்டார். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து, மறுநாள் காலை ரயிலில் கூட்டி வருவார்.

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று அம்மா சொல்கிறார். அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

நேற்றுத்தான் எழுந்து நடந்தேன். அடுக்களை வரைக்கும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கண்ணாடியில் பார்த்தால் மெலிந்து வேறு யாரோ மாதிரி இருக்கிறேன். தலைமுடியும் கொட்டிவிட்டது. வாசலில் என்னைக் கண்டதும் அவன் அத்தானுடைய காலைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன், குணவதி? அவன் எதைக் கேட்பான், எப்படிக் கேட்பான், என்ன கொடுத்தால் சிரிப்பான், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. இப்போது உனக்குத்தான் தெரியும். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இரஞ்சிதம்

*

பஃபலோ ரோடு
9 ஏப்ரல் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தான் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தில்லையும் கடிதமும் ஒன்றாக வந்து சேரும். முதலில் கடிதத்தைப் படியுங்கள்.

உங்கள் மார்ச் இருபதாம் தேதிக் கடிதம் வந்த அன்றே ஹலீமாவிடம் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. அவளுடைய முகத்தைப் பார்ப்பதற்காகவே போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கக்கா என்றால் என்னவென்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு நாள்கூட என்னயக் கூப்பிடலயா?"

"இல்லை."

"நான் ஓடி ஓடி வந்தேனே" என்றாள். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். "எந்த வேலைல இருந்தாலும் போட்டுட்டு வந்தேன் லா."

பார்க்கவேண்டும் என்று நினைத்த முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆனால் அதில் நான் எதிர்பார்த்தது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. என்னையும் கூப்பிடவில்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தில்லையை மட்டும் முன்போலவே பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலையே அவன் பின்கதவில் போய் நின்று கக்கா என்றான். தூக்கிக்கொண்டு போய்ப் பாதங்களின் மேல் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தான். இவளுக்கு இவ்வளவு தாமதமாகவா விளங்கும் என்று கேட்பதுபோல இருந்தது. அதன்பிறகு ஒரு தரையும் பாழாகவில்லை. இதைத்தான் இருபத்தேழாம் தேதிக் கடிதத்தில் எழுதாமல் மழையை எழுதினேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை நான் படித்துக்கொண்டிருந்தபோது தில்லை வந்து என் முழங்காலைப் பிடித்தான். அண்ணாந்து பார்த்து, 'சின்னம்மா' என்றான். ஓர் எழுத்தும் குறையவில்லை. புத்தகத்தைப் போட்டுவிட்டு அவனை வாரி அணைத்துக்கொண்டேன். அதைக் கேட்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அணைத்துக்கொண்டபடியே வீடு முழுவதும் சுற்றினேன். என் பாவாடை என்ன ஆயிற்று என்று எழுதத் தேவையில்லை. தூக்கிச் சுற்றியதால் வந்த வினை என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமையும் சின்னம்மா என்றான். அன்றும் அப்படியே ஆயிற்று.

வியாழக்கிழமை ஹலீமா வீட்டு முற்றத்தில் அவளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கோழி எச்சம் போட்டுவிட்டு நகர்ந்தது. தில்லை குனிந்து அந்த எச்சத்தை விரலால் காட்டி, 'சின்னம்மா' என்றான்.

ஹலீமா படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப நீ, இப்ப நீ" என்பதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எங்களைப் பார்த்துத் தில்லையும் கைகொட்டினான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எல்லாம் விளங்கியது. அவன் கக்கா என்ற போதெல்லாம் நான் தோளைப் பிடித்து, "கக்கா இல்லை, சின்னம்மா" என்று நிதானமாக, தெளிவாக, புத்தகத்தில் சொன்னபடி சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? அவன் கற்றுக்கொண்டான். கக்கா என்பது பிழையான சொல், அதற்குச் சரியான சொல் சின்னம்மா என்று நினைத்துவிட்டான். இப்போது கக்கா என்று சொல்வதே இல்லை.

இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. எழுதாவிட்டால் சிரம்பானில் அவன் காலையிலும் மாலையிலும் சின்னம்மா, சின்னம்மா என்பான். என்னை நினைத்து ஏங்குகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அத்தானிடம் சொல்லி வருத்தப்படுவீர்கள். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து இன்று மத்தியானம் வரை அதை வைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் வந்ததும் தில்லை அவரைப் பார்த்துவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்தான். அவர் முகம் வாடிவிட்டது. உங்கள் வாசலில் நீங்கள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். ரயிலுக்காக அத்தானிடமும் சொல்லிவிட்டேன். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

நீங்கள் கேட்ட மற்றவை: நெற்றியில் ஊதினால் சிரிப்பான். குழம்பை ஒதுக்குவான், வெறுஞ்சோற்றில் நெய் விட்டால் போதும். காதைப் பிடிக்க வந்தால் இடது காதைக் கொடுங்கள். வலது காதைக் கொடுத்தால் இப்போது தள்ளிவிடுகிறான். அதுவும் என்னால்தான்.

ஆகவே அக்கா, தில்லை 'சின்னம்மா' என்று கூப்பிட்டால் என்னைத் தேடுகிறான் என்று நினைத்து மனம் நோகவேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உங்கள் பாதங்களின் மேல் உட்காரவையுங்கள். அவன் கேட்பது அதைத்தான்.

ஆனால் உட்காரவைத்தும் ஒன்றும் வராமல், எழுந்து நின்று வாசலைப் பார்த்து அவன் மறுபடியும் அதையே சொன்னால், அன்றைக்கு மட்டும் மறைக்காமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

காலையில் புறப்படவேண்டும் என்று ஐயா அவசரப்படுத்துகிறார். இந்தக் கடைசி வரியைத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

குணவதி